திறக்க முடிவதெல்லாம் திறக்கத் தகுவதோ?

ஒரு செயலைச் செய்யும் ஆற்றல் வேறு; அதனைச் செய்யும் உரிமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பல தீமைகளுக்கு வித்தாகின்றது. இதனை இக்காலக் கருவியொன்றைக் கொண்டு ஆராய்வோம்.

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டியில், சிப்காட் தொழில் வளாகத்தை அடுத்த சிறு பட்டறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். மாத இறுதி. தொழிலாளர் ஊதியக் கணக்கு முழுவதும் அடங்கிய கணினியில் விண்டோஸ் எழவில்லை. கணக்கர் கலங்குகின்றார். பழுது பார்க்கும் இளைஞர் வந்து ஒரு பென் டிரைவைச் செருகுகின்றார். கணினி தன் வட்டை நாடாமல், அதிலுள்ள லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டு எழுகின்றது. சற்று நேரத்தில் கோப்புகள் யாவும் திரையில் விரிகின்றன.

இம்முறை புதிதன்று. ஜெர்மனி நாட்டுக் கிளாஸ் நாப்பர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நாப்பிக்ஸ்' குறுந்தகடு இதனைப் பலரும் அறியச் செய்தது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் தமிழிலும் இயங்குவது.

வாயிற்காவலன் மயங்கி வீழ்ந்தமையால் வீட்டினுள் இருக்கும் பொருள்கள் அழிந்துவிடுவதில்லை. அதுபோல் இயங்குதளம் பழுதுற்றாலும் கோப்புகள் வட்டில் அப்படியே இருத்தல் கூடும். ஆனால் கடவுச்சொல்லைக் கேட்டு நிறுத்துபவனும் அக்காவலனே. அவன் எழாதபோது தடுப்பாரும் இல்லை. 'பிட்லாக்கர்' போன்ற மறையாக்கம் செய்யப்பெற்ற வட்டுகளே உரிய திறவுகோலின்றித் திறவாதவை. ஏனையவற்றில் மீட்பவனுக்கும் திருடுபவனுக்கும் வழி ஒன்றே. வேறுபாடு நெஞ்சில் மட்டுமே உள்ளது.

இத்தொழிலில் வல்லவர் கைக்கொள்ளும் முதல் விதி, நலிந்த வட்டில் எதனையும் எழுதலாகாது என்பதாகும். தவறுதலாக நீக்கிய கோப்பின் இடத்தில் புதியது பதிந்துவிடின் பழையது மீளாது. ஆதலின் வட்டைப் 'படிக்க மட்டும்' என்னும் நிலையில் இணைத்து, வேண்டுவனவற்றை வேறொரு வட்டில் படியெடுப்பர். வட்டே சிதையத் தொடங்கியிருப்பின் 'டிடிரெஸ்க்யூ' என்னும் நிரலால் முழுப்படி எடுத்து, அப்படியிலேயே தேடுவர். துன்புற்றதற்கு மேலும் ஊறு செய்யாமை என்னும் அறம் இங்குத் தொழில் விதியாகவே அமைந்துள்ளது.

ஆயின் இவ்விதி கையை மட்டுமே கட்டுகின்றது. கண்ணைக் கட்டுவது எது? 'உரிமையாளரே அழைத்தார், பின் பார்ப்பதில் என்ன குற்றம்?' எனச் சிலர் வினவலாம். கணினிக்கு உரியவர் ஒருவரே. ஆனால் அதனுள் இருக்கும் ஆதார் படிகளுக்கும், வங்கிக் கணக்கு எண்களுக்கும், மருத்துவச் சான்றுகளுக்கும் உரியவர் பலர். அவர்களை யாரும் கேட்கவில்லை. தொலைவூரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி, தன் வாழ்வின் செய்திகள் ஓர் அயலாரின் திரையில் விரிவதை அறியவும் மாட்டார். அறியாதவரின் நம்பிக்கையைக் காப்பதே உயர்ந்த நம்பகம்.

சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, இசைவின்றிக் கணினியை அணுகுவதையும் தரவைப் படியெடுப்பதையும் இழப்பீட்டுக்கு உரிய குற்றமாக்கியது. 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தது. எனினும் மூடிய அறையில் தனித்திருப்பவனைச் சட்டம் காண்பதில்லை. அவன் மனமே காண்கின்றது.

இன்னும் கடினமான வினா ஒன்று உண்டு. மீட்கும்போது, விபத்தில் காயமுற்ற தொழிலாளியின் பெயர் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டிருப்பது தானே கண்ணில் படுமாயின் அவன் யாது செய்தல் வேண்டும்? குற்றம் காணும் ஆவலால் தேடித் துருவுதல் தகாது. அதே வேளையில், தேடாமலே கண்ணுக்கு எதிர்ப்பட்டது பிறர் உயிருக்கோ வாழ்வுக்கோ கேடு விளைப்பதாயின், 'என் வேலை மீட்பது மட்டுமே' என்று வாய்மூடி இருத்தலும் அறமாகாது. முதலில் உரிமையாளரிடமே உள்ளதை உரைத்தல் வேண்டும். அவர் திருந்தாவிடின் உரிய அதிகாரியிடம் உரைத்தல் வேண்டும். மறைகாத்தல் எளியோரைக் காப்பதற்கே அன்றி அவர்க்கு இழைத்த தீங்கை மூடுவதற்கன்று.

ஆகவே, மீட்பவர் கேட்டதை மட்டும் எடுக்க. உரியவர் முன்னிலையில் எடுக்க. ஒப்படைத்தபின் தம்மிடம் எஞ்சிய படிகளை நீக்குக. கணினிக்கு உரியவர்க்கும் ஒரு கடமை உண்டு. பிறர் செய்திகளைத் தம்பால் வைத்திருப்போர், முன்னரே வேறொரு வட்டில் படியெடுத்துப் பூட்டி வைத்தல் வேண்டும். அங்ஙனம் செய்யின், அறியாத ஓர் இளைஞரின் நெஞ்சுறுதியைச் சோதிக்கும் நிலையே பெரும்பாலும் எழாது.

பூட்டு பழுதுற்ற நாளில் காவலாக எஞ்சுவது மனிதரின் அடக்கம் ஒன்றே. அதனைப் பழுதுறாமல் போற்றுவோமாக.