கிழித்த உறை யாருடையது?

பெட்டிக்கடையின் முகப்பில் மாலைபோலத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுச் சரங்களைக் காணாத தமிழர் எவரும் இருக்க முடியாது. அதில் ஒன்றை வாங்குகிறோம், முனையைக் கிழித்துத் தலையில் தேய்க்கிறோம், உறையை எறிந்துவிடுகிறோம். உள்ளே இருந்தது ஐந்து நிமிடத்தில் சாக்கடையோடு கலந்து போகிறது. உறையோ நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் மண்ணுக்குள் கிடக்கும். நாம் விலை கொடுத்தது உள்ளே இருந்த பொருளுக்கு. நிலைத்து நிற்பதோ வெளியே இருந்த உறை. அப்படியானால் அந்த உறை யாருடைய உடைமை? விற்றவருடையதா? வாங்கியவருடையதா? அல்லது அது விழுந்து கிடக்கும் தெருவை விடியற்காலையில் கூட்டுகிறாரே, அந்தத் தூய்மைப் பணியாளருடையதா?

இக்கேள்வியைத் தமிழர் கேட்பதில் தனிப் பொருத்தம் உண்டு. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டச் செய்யும் எண்ணம் நம் கடலூரோடு தொடர்புடையது. அவ்வூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், செல்வர் பயன்படுத்தும் பொருள் கூலி வேலை செய்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்று கருதியவர். பெரிய அளவில் விற்கப்பட்டவற்றைச் சிறு பொட்டலங்களாக்கும் வழியை அவர் காட்டினார். அவருடைய மக்கள் ‘வெல்வெட்’ ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தனர். அவர்களுள் ஒருவரான சி.கே. ரங்கநாதன் தனியே பிரிந்து 1983இல் சொந்தத் தொழிலைத் தொடங்கித் தம் ஷாம்புவுக்குத் தந்தையின் பெயரிலிருந்தே ‘சிக்’ என்று பெயரிட்டார். அந்நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் ஆயிற்று. ஒரு காலத்தில் ஐம்பது காசுக்கும் அந்தப் பாக்கெட் கிடைத்தது. பன்னாட்டு நிறுவனங்கள் இங்கே வந்து இதைக் கற்றுக்கொண்டன. சென்னை இலயோலா கல்லூரியில் பயின்ற மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத், 2004இல் வெளிவந்த தம் நூலில் ஏழைகளை மதிப்புக்குரிய வாடிக்கையாளராக நடத்தும் வணிகத்துக்கு இத்தகைய சிறு பாக்கெட்டுகளையும் சான்றாகக் காட்டினார்.

ஆகவே, பாக்கெட்டைப் பழிப்பதோடு நம் கடமை முடிந்துவிட்டது என்று எண்ணுவது நேர்மையாகாது. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு நூற்றைம்பது ரூபாய்ப் புட்டி எட்டாத பொருள். ஒரு ரூபாய்ப் பாக்கெட் எட்டும் பொருள். ஞாயிற்றுக்கிழமை தன் மகள் தலைமுடி மின்னத் தேவாலயத்துக்கு வரவேண்டும் என்று ஒரு தாய் விரும்பினால், அதில் குற்றம் காண நாம் யார்? (கணக்குப் பார்த்தால், பல ஷாம்புகள் புட்டியில் வாங்குவதைவிடப் பாக்கெட்டில் வாங்கும்போதுதான் மலிவாக இருக்கின்றன. வசதி படைத்தோர் வீட்டுக் குளியலறைகளிலும் பாக்கெட்டுச் சரம் தொங்குவது அதனால்தான். ஏழைகளைச் சாக்கிட்டுப் பேசுமுன் இதையும் நினைவில் கொள்வது நல்லது.)

இனி அந்த உறையைச் சற்றே உற்று நோக்குவோம். பார்வைக்கு ஒரே தாள்போலத் தோன்றும் அது உண்மையில் பல அடுக்குகளால் ஆனது. அச்சு ஏற்கும் பாலியஸ்டர் படலம் வெளியே. ஒளியும் காற்றும் புகாமல் காக்கும் அலுமினியப் பூச்சு நடுவே. வெப்பத்தால் ஒட்டும் பாலித்தீன் உள்ளே. இவை பசையால் பிணைக்கப்பட்டுள்ளன. தனித்தனியே இருந்தால் ஒவ்வொன்றையும் மீண்டும் உருக்கிப் பயன்படுத்தலாம். பிணைந்த பின் கட்டுப்படியாகும் செலவில் எவராலும் பிரிக்க இயலாது. எடையும் மிகக் குறைவு. காலிப் பாக்கெட் ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ சேர்க்க ஆயிரம் பாக்கெட்டுகளைக் குனிந்து பொறுக்க வேண்டும். அப்படிப் பொறுக்கினாலும் பழைய பொருள் கடையில் அதற்கு விலை இல்லை. குப்பை பொறுக்கி வாழ்வோர் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு ஷாம்பு உறையை விட்டுச் செல்வது இதனால்தான். சேகரிக்கப்படுபவற்றில் ஒரு பகுதி அரியலூர் போன்ற இடங்களிலுள்ள சிமெண்டு ஆலைகளின் சூளையில் நிலக்கரியோடு எரிகிறது. எஞ்சியது கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்ததை நாம் அறிவோம்.

இங்கே ஓர் அறவியல் கேள்வி எழுகிறது. ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம், அவற்றுள் ஒன்றை மட்டுமே மனிதன் நோக்கமாகக் கொண்டிருக்கலாம் என்று புனித தோமா அக்குவினாஸ் தற்காப்பைப் பற்றி ஆராயும்போது குறிப்பிடுகிறார். ஏழைக்குப் பொருளைக் கொண்டு சேர்ப்பதே நோக்கம், குப்பை நாங்கள் விரும்பாத பக்க விளைவு என்று உற்பத்தியாளர் கூறலாம். தொடக்க காலத்தில் அது ஏற்கத்தக்க விடையாகவே இருந்திருக்கும். ஆனால் இவ்வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. தீய விளைவு கண்ணெதிரே தெரிந்த பின்னும், அதைக் குறைக்க வேறு வழி கையில் இருந்தும், அந்த வழியைத் தேடாமல் இருப்பவர் ‘நான் விரும்பவில்லை’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

வேறு வழி கையில் இருந்ததா? இருந்தது என்பதற்குச் சுவையான சான்று ஒன்று உண்டு. சிக் ஷாம்பு சந்தையில் கால் ஊன்றிய நாள்களில், எந்த நிறுவனத்துடையதாயினும் ஐந்து காலிப் பாக்கெட்டுகளைக் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. பிறகு சிக் பாக்கெட்டுகளுக்கு மட்டும் என அது மாற்றப்பட்டது. மக்கள் காலி உறைகளைத் திரட்டிக்கொண்டு கடைக்கு வந்தனர். அது விற்பனைக்கான உத்தியே. சுற்றுச்சூழலை எண்ணிச் செய்ததன்று. எனினும் அது மெய்ப்பித்த உண்மை பெரிது. காலி உறைக்கு ஒரு மதிப்பை வைத்தால் அது தெருவில் கிடக்காது. சென்ற வழியே, கடைக்காரர் வழியாகவே, திரும்பி வரும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இல்லை. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய இயலாத பல்லடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுகளில் ஒழிக்க வேண்டும் என்றன. 2018இல் வந்த திருத்தமோ, எரித்து ஆற்றல் பெறத்தக்கவற்றுக்கும் வேறு பயன் உள்ளவற்றுக்கும் வழிவிட்டது. எரியாத பிளாஸ்டிக் எது? 2019 சனவரி முதல் நாள் தமிழ்நாட்டில் நடப்புக்கு வந்த தடையும், 2022 சூலை முதல் நாள் நாடெங்கும் வந்த தடையும் உறிஞ்சுகுழல், தட்டு, குவளை முதலியவற்றைத் தடுத்தன. ஷாம்பு பாக்கெட் தொடர்ந்து தொங்கியது. 2022இல் வகுக்கப்பட்ட நெறிமுறைகள், தாம் சந்தைக்கு அனுப்பும் உறைகளுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று கூறி, அதற்கு ஈடான கழிவைக் கையாண்டதாகச் சான்றிதழ் வாங்கிக் காட்டவும் இடமளித்தன. அடுத்த ஆண்டே இலட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடித்தது. பொறுப்பு காகிதமாகும்போது இது வியப்பன்று.

பெருநிறுவனங்களை விட்டு நம்மவர் பக்கம் வருவோம். தூத்துக்குடிப் பகுதியில் ஒரு மகளிர் குழு குளியல் சோப்பு, சீயக்காய்த் தூள், ஷாம்பு ஆகியவற்றைச் செய்து விற்க எண்ணுகிறது, உறை மட்டும் மண்ணைக் கெடுக்காததாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறது என வைத்துக்கொள்வோம். உறை வியாபாரியிடம் சென்றால் முதலில் காதில் விழும் சொல் ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்பதே. எங்கே மக்கும் என்று கேட்க வேண்டும். சோள மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. வகை, 58 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் நீடிக்கும் பெரிய உரக்கூடங்களில் 180 நாள்களுக்குள் மக்குகிறதா என்றே சோதிக்கப்படுகிறது. வீட்டுத் தோட்டத்துக் குழியிலோ கடலிலோ அந்த வெப்பம் இல்லை. அங்கே அதுவும் பிளாஸ்டிக்காகவே நெடுநாள் கிடக்கும். ‘சிதையும் பிளாஸ்டிக்’ என்று சொல்லப்படும் இன்னொரு வகை, உலோக உப்பு சேர்த்ததால் விரைவில் நொறுங்கும். நொறுங்கிய துகள்களோ மண்ணிலேயே தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அதைத் தடை செய்துவிட்டது. காக்கித் தாள் உறையையும் கண்டவுடன் நம்பிவிடக் கூடாது. ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால், பலவற்றில் தாளுக்கு உள்ளே மெல்லிய பாலித்தீன் படலம் இழுபடுவது தெரியும்.

கண்ணாடிப் புட்டி தூயதென்பர். உண்மைதான், ஆனால் அதை உருக்க 1500 பாகையை ஒட்டிய வெப்பம் வேண்டும், எடையும் மிகுதி. ஒருமுறை பயன்படுத்தி எறிந்தால் அதனால் விளையும் தீங்கு பிளாஸ்டிக்கைவிடக் குறைவென்று சொல்ல முடியாது. பலமுறை திரும்பி வந்தால்தான் அதன் தூய்மை மெய்யாகும். அலுமினிய டப்பாவுக்கும் ஏறத்தாழ இதுவே கணக்கு. தாதுவிலிருந்து எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கே பழையதை உருக்கத் தேவைப்படும். அதற்கு அது குப்பையில் போகாமல் பழைய பொருள் கடைக்குப் போக வேண்டும். ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன கெட்டியான புட்டிக்கும் அக்கடையில் விலை உண்டு. எனவே ‘இது எதனால் ஆனது?’ என்ற கேள்வி இரண்டாவதுதான். ‘காலியானபின் இதை வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்?’ என்பதே முதற்கேள்வி. அவரைச் சுட்டிக்காட்ட முடியாத உறை, எந்த இலையின் படம் அச்சிட்டிருந்தாலும், பிறர் வாசலில் நாம் கொட்டும் குப்பையே.

இன்னொன்றையும் குழுவினர் எண்ணிப் பார்க்கலாம். உறைக்கு இத்தனை காவல் ஏன் தேவைப்படுகிறது? ஷாம்புவில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இருப்பதால் கிருமி வளரும். அதைத் தடுக்க மருந்து. கசியாமல் இருக்கப் பிளாஸ்டிக். நாம் அடைத்து, சுமந்து, விற்று, எறிவதில் பெரும்பகுதி குழாயில் வரும் தண்ணீருக்காகவே. நம் பாட்டிமார் சீயக்காயையும் பயற்றமாவையும் காகிதப் பொட்டலத்தில் வாங்கி, தண்ணீரை வீட்டில் கலந்தனர். எண்ணெய்க்குத் தம் புட்டியையே செக்கடிக்கு எடுத்துச் சென்றனர். பழமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அரைப்பதும் கரைப்பதும் அலசுவதும் பெண்களின் முதுகில் ஏறிய சுமை என்பதையும், அச்சுமையைப் பாக்கெட் இறக்கியது என்பதையும் மறந்து பேசும் ஆண்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அரைத்த தூளை இன்று ஆலை தருகிறது. தலைக்குத் தேய்க்கும் சோப்புக்கட்டியும் செய்ய முடிகிறது. உலர்ந்த பொருளுக்கு நல்ல தாள் போதும்.

சோப்புக்கு அப்பகுதியிலேயே விடை இருக்கிறது. மணப்பாடு பெண்கள் பனையோலையில் பெட்டி முடைவதில் பெயர் பெற்றவர்கள். கருப்பட்டியைத் தாங்கும் ஓலைப்பெட்டி, நன்கு காய்ந்த சோப்பையும் தாங்கும். அதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை பூசணம் பிடிக்கும்; ஈரம் உறிஞ்சும் சோப்பு வியர்க்கும்; உள்ளே ஒரு தாள் சுற்ற வேண்டியிருக்கும். முடைபவருக்கு நியாயமான கூலி கொடுத்தால் பெட்டியின் விலை சோப்பின் விலையை நெருங்கும். அந்தக் கூலியைக் குறைத்து ‘இயற்கை உறை’ விற்பதைவிடப் பாலித்தீனே மேல் என்பேன். ஓலைப்பெட்டி பரிசுப் பொருளாக, பண்டிகை விற்பனைக்கு ஏற்றது. அன்றாட விற்பனைக்குத் தாள் உறையே போதும்.

திரவ ஷாம்புவை விட மனமில்லையென்றால், முன்பணம் பெற்றுப் புட்டியில் விற்று, புட்டி திரும்பும்போது பணத்தைத் தரலாம். சோடாப் புட்டியிலும் பால் புட்டியிலும் நாம் கண்ட முறைதான். வெந்நீரில் கழுவி, முழுதும் உலர்த்தி, பிறகே நிரப்ப வேண்டும்; ஈரம் எஞ்சினால் ஷாம்பு கெடும். 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள் கேட்கும் உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய காலவரம்பு ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒட்ட வேண்டும். முன்பணத்தையும் பத்து ரூபாய்க்கு மேல் வைத்தால் கூலிக்காரப் பெண் வாங்கமாட்டார். இரண்டு ரூபாய் என்றால் புட்டி திரும்பாது. இந்த இடைவெளிக்குள் சரியான தொகையைக் கண்டுபிடிப்பது அந்தந்த ஊர்க் கடைக்காரரைக் கேட்டுத்தான் முடியும்.

பேருந்தில் ஒருமணி நேரத் தொலைவுக்குள் இது நடக்கும். பெங்களூரிலிருந்து ஐந்நூறு புட்டிகளுக்கு ஆணை வரும் நாளில்தான் குழுவுக்கு உண்மையான சோதனை. காலிப் புட்டிகள் அங்கிருந்து திரும்பப்போவதில்லை. இலாபமோ அந்த ஆணையில்தான் இருக்கிறது. சோப்பையும் தூளையும் அனுப்புகிறோம், ஷாம்பு மட்டும் இங்கேதான் கிடைக்கும் என்று அவர்களுக்குப் பதில் எழுதலாம். அதற்கு ஆகும் இழப்பை எத்தனை மாதம் தாங்க முடியும் என்பதைக் குழுவினர் ஒன்றுகூடி, கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முன்கூட்டியே பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.