11, 30

2005இல் ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. 9,282 பேரைக் கேட்டு எழுதியது. பதற்ற நோய்கள் தொடங்கும் இடைநிலை வயது 11. மனச்சோர்வு உள்ளிட்ட மனநிலை நோய்களுக்கு 30. நடுவில் 19 ஆண்டுகள். என் மனம் அங்கேயே நிற்கிறது.

*

11 என்பதும் ஒரு பொதுக்கணக்குதான். அம்மாவைப் பிரிய முடியாத அச்சமும் நாய், உயரம் போன்ற தனிப் பயங்களும் ஏழு வயதை ஒட்டி வருகின்றன. நாலு பேர் முன்னால் நிற்கும் நடுக்கம் 13இல். நெஞ்சு படபடத்து, உயிரே போகிறதென்று ஆஸ்பத்திரிக்கு ஓடவைக்கும் பீதி நோய் 24இல்.

*

ஏழு வயதுப் பயத்துக்கு நம் வீடுகளில் மந்திரித்த கயிறாவது உண்டு. பதிமூன்று வயது நடுக்கத்துக்குப் பாராட்டுதான். "எங்க புள்ள இருக்கிற எடமே தெரியாது." பெண்பிள்ளை என்றால் இன்னும் மெச்சுவார்கள். பூப்பெய்தும் பருவத்துக்குப் பிறகு மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு என்பதை அந்த மெச்சலுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். ஒன்று மற்றொன்றின் காரணம் என்று சொல்ல வரவில்லை. கூச்சமெல்லாம் நோயும் இல்லை. பள்ளிக்கூடம் போவதே நின்றுபோகும்போது கவனிக்க வேண்டும்.

*

நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைச் சிறுவயதிலிருந்து தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். 45 வயதுக்குள் 100க்கு 86 பேருக்கு ஒருமுறையாவது ஏதோ ஒரு மனநோயின் அடையாளங்கள் முழுமையாக இருந்திருக்கின்றன. வளர்ந்தபின் ஒரே தடவை கேட்கும் ஆய்வுகளில் கிடைப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, இவர்களை 32 வயதுவரை பார்த்ததிலேயே தெரிந்துவிட்டது. ஜனங்கள் பொய் சொல்வதில்லை, மறந்துவிடுகிறார்கள். அப்படியானால் கெஸ்லர் ஆய்வின் அந்த 30இலும் கொஞ்சம் மறதி கலந்திருக்கலாம்.

*

அறுபதுக்கு மேல் முதன்முதலாக வரும் சோர்வு வேறு வகை. மூளையின் ரத்தக்குழாய்களையும் ஞாபகசக்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களும் சோகம் என்று சொல்லி வருவதில்லை. அசதி, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை.

*

அமெரிக்காவில் கடைசியில் மருத்துவரிடம் வந்து சேர்ந்தவர்களைக் கணக்கெடுத்தபோது, மனநிலை நோய்களுக்கு 6 முதல் 8 ஆண்டு தாமதம். பதற்றத்துக்கு, வகையைப் பொறுத்து 9 முதல் 23 ஆண்டு. பதினோரு வயதுப் பயம் சீட்டு வாங்கி உட்காரும்போது முப்பது வயதுத் துக்கமும் கூடவே வந்திருக்கும். "ரெண்டு மாசமா மனசு சரியில்ல சார்." ரெண்டு மாதம் என்று எழுதப்படும். நேரமுள்ள மருத்துவர் மேலும் ஒன்று கேட்பார்: சின்ன வயசுல ஸ்கூலுக்குப் போக ரொம்ப அழுவீங்களா?

"அது எல்லாப் புள்ளைங்களும் அழறதுதானே?"