உடைமையும் கடமையும்
பழைய கணினிகளை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவன் அதனை என்னவும் செய்யலாமா? உடைக்கலாமா, பூட்டி வைக்கலாமா, பிறர் கண்ணிற் படாது மறைக்கலாமா? சட்டத்தைக் கேட்டால், 'ஆம், அது அவன் உடைமை' என்றே விடை வரும். ஒழுக்கத்தைக் கேட்டால் விடை அத்துணை எளிதன்று. இப்பழைய கேள்வியை நிலம், தொழிற்சாலை ஆகியவற்றை வைத்தே நாம் பெரும்பாலும் ஆராய்ந்து வந்துள்ளோம். இங்கே மிகச் சிறியதொரு பொருளை வைத்து அதனை ஆராய விரும்புகிறேன். கையிற் காவிச் செல்லத்தக்கனவாகச் செய்யப்பட்ட பழைய கணினிகளைத் தேடிச் சேர்க்கும் பொழுதுபோக்காளர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் உளர். வசதி படைத்தோரின் விளையாட்டு என்று அதனைத் தள்ளிவிடத் தோன்றும். ஆயினும், உடைமை பற்றிய கேள்வி அங்கே மிகத் தெளிவாக எழுந்து நிற்கிறது.

அவர்கள் சேர்க்கும் பொருள்கள் யாவை என்பதை முதலில் நோக்குவோம். 1981 ஏப்ரலில் கலிபோர்ணியாவில் ஒஸ்போண்-1 என்னும் கணினி மக்கள் முன் வைக்கப்பட்டது. ஏறக்குறைய 24 இறாத்தல் நிறை. மூடினால் தையல் இயந்திரப் பெட்டி போன்ற தோற்றம். 5 அங்குலத் திரை. விலை 1,795 டொலர். இதனை விற்ற அடம் ஒஸ்போண், இளமையைத் திருவண்ணாமலையிற் கழித்து, 2003இல் கொடைக்கானலில் மறைந்தவர். இதனை வடிவமைத்த லீ பெல்சென்ஸ்ரைன், 1964இல் பேர்க்லி மாணவர் நடத்திய பேச்சுரிமைப் போராட்டத்திற் பங்குகொண்டவர். ஒரு கருவி அதனை உபயோகிப்பவனுக்கு விளங்குவதாயும் அவன் ஆளுகைக்கு உட்பட்டதாயும் இருத்தல் வேண்டும் என்ற இவான் இலிச்சின் சிந்தனையால் ஈர்க்கப்பட்டவர். அந்தக் கொம்பனி 1983 செப்டெம்பரில் வங்குரோத்து அடைந்தது.

அதே ஆண்டில், ஜப்பானின் கியோசெரா தயாரித்து அமெரிக்காவின் ரான்டி விற்ற மொடல் 100 வெளிவந்தது. அது ஒரு பெரிய கொப்பியின் அளவினது. திரையில் 8 வரிகள், வரிக்கு 40 எழுத்துகள். நான்கு சிறு பற்றறிகளைக் கொண்டு 20 மணி நேரம்வரை இயங்கும். பத்திரிகை நிருபர்கள் அதனை மிக விரும்பினர். சென்ற இடத்திலிருந்தே செய்தியைத் தட்டெழுதி, தொலைபேசிக் கம்பி வழியாகத் தம் அலுவலகத்துக்கு அனுப்பினர்.

இக்கணினிகள் தேய்ந்து பயனற்றுப் போனதனால் மறையவில்லை. எழுதுவதற்கு மொடல் 100 அன்று எவ்வளவு உதவியதோ, பழுதின்றி இருப்பின் இன்றும் அவ்வளவு உதவும். புதியது விற்கப்படல் வேண்டும் என்ற சந்தையின் தேவையே பழையதைக் குப்பைக்கு அனுப்பியது. பின்னர் அதே சந்தை, எஞ்சியவை சில என்பதை அறிந்ததும், அவற்றுக்குப் புதியதொரு விலையைக் கற்பித்தது. பயன்மதிப்பு மாறவில்லை, பரிவர்த்தனை மதிப்பு மட்டும் முதலில் வீழ்ந்து பிறகு எழுந்தது. இந்த இடத்திலேதான் சேகரிப்போர் இரு வகையினராகப் பிரிகின்றனர். அருமையினால் விலை ஏறுவதைக் கண்டு பூட்டி வைப்போர் ஒரு வகையினர். திறந்து, திருத்தி, அறிந்ததைப் பிறர்க்குச் சொல்வோர் மறு வகையினர்.

இவ்விரு வகையினருள் பொருளை உண்மையிற் காப்பவர் யார்? மொடல் 100இன் உள்ளே, மின்சாரம் நிறுத்தப்பட்ட போதும் நினைவகத்தைக் காப்பதற்கென ஒரு சிறிய நிக்கல்-கட்மியம் பற்றறி உண்டு. அது மின்சுற்றுப் பலகையோடு பற்றாசு கொண்டு ஒட்டப்பட்டது. ஆண்டுகள் பல கழிந்ததும் அதிலிருந்து அரிக்கும் திரவம் கசிகிறது. பலகையிலுள்ள செப்புத் தடங்களை மெல்ல மெல்லத் தின்கிறது. கண்ணாடிப் பேழையில் தூசிபடாது வைக்கப்பட்ட கணினியும் இவ்வாறு உள்ளே அழிந்துகொண்டிருக்கும். வெளித்தோற்றத்தின் பளபளப்பை நம்பி விலை பேசுபவன், தன் உடைமை சாவதைத் தானே அறியான்.

துணிந்து பெட்டியைத் திறந்து அந்தப் பற்றறியை வெட்டி எடுத்தவனே அதனைக் காத்தவன். ஆனால், எங்கே திறப்பது, எதனை வெட்டுவது, அரித்துப்போன தடத்துக்குப் பதிலாகக் கம்பியை எங்கே இணைப்பது என்ற அறிவு அவனுக்கு எங்கிருந்து வந்தது? முன்னர் திறந்து பார்த்த ஒருவர் எழுதி வைத்தார். திருத்துவோருக்கான கைநூலை இன்னொருவர் பக்கம் பக்கமாகப் பிரதி செய்து பொதுவில் வைத்தார். நெகிழ்வட்டுகள் பழுதாகுமுன் அவற்றிலிருந்த நிரல்களை வேறொருவர் படியெடுத்துக் கொடுத்தார். தனி ஒருவர் மேசைமீது இயங்கும் அக்கணினி பலருடைய ஊதியமற்ற உழைப்பினால் இயங்குகிறது. எனவே, 'இது முழுவதும் என்னுடையது' என்று அவர் கூறுவதற்கு இடமில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். கணினிப் பெட்டி ஒன்றே. அதனை நான் உமக்குக் கொடுத்தால் என்னிடம் இல்லை. அதனைத் திருத்தும் அறிவு அத்தகையதன்று. அதனை உமக்குக் கொடுத்த பின்னும் அது என்னிடம் குறைவின்றி இருக்கும். ஆகையால், பெட்டியைத் தன்னிடமே வைத்திருப்பவனை நாம் குறைகூற வேண்டியதில்லை. வேறெங்கும் இல்லாத ஒரு நெகிழ்வட்டையோ கைநூலையோ வைத்துக்கொண்டு, அதன் அருமை கெட்டுவிடும் என்பதற்காகப் பிரதி கொடுக்க மறுப்பவன் வேறு நிலையினன். அவன் காப்பது பொருளை அன்று, பிறருடைய இல்லாமையை.

இதற்கு எதிரான வாதம் ஒன்று உண்டு. அது வலிமையானது, உழைப்பின் பக்கம் நிற்போர் அதனைத் தட்டிக்கழித்தல் ஆகாது. 1975 மார்ச்சில், கலிபோர்ணியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டின் மோட்டார் வண்டிக் கொட்டிலில் ஹோம்புறூ கணினிக் கழகம் கூடியது. முன்னர்க் குறிப்பிட்ட பெல்சென்ஸ்ரைன் பின்னர் அதன் கூட்டங்களை நடத்தினார். பில் கேற்சும் அவருடைய தோழரும் அல்டெயர் கணினிக்கு எழுதிய பேசிக் நிரல், துளையிட்ட காகித நாடாவில் அக்கழகத்தினர் கைக்கு வந்தது. அவர்கள் அதனைப் பிரதி செய்து தமக்குள் வழங்கிக்கொண்டனர். 1976 பெப்ரவரியில் கேற்ஸ் பொழுதுபோக்காளருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தமக்குக் கிடைத்த வருவாயைக் கணக்கிட்டால் தம் உழைப்புக்கு மணிக்கு 2 டொலரும் தேறவில்லை என்றும், இவ்வாறு செய்வது திருட்டே என்றும் அதில் வாதிட்டார்.

அன்று அவர் கோடீசுவரர் அல்லர். கூலி கேட்ட ஓர் உழைப்பாளியின் குரலாகவே அக்கடிதத்தை நாம் வாசிக்கலாம். எழுதியவன் பட்டினி கிடக்க, வாசிப்பவன் இலவசமாகப் பெறுவது நீதியாகாது. பகிர்தல் என்னும் நற்சொல்லினால் பிறர் உழைப்பைச் சுரண்டுதலும் கூடும். இதனை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

எனினும் அக்கோரிக்கையின் நியாயம் எதிலே தங்கியிருந்தது? உழைத்தவனுக்குரிய கூலியிலேதான். மொடல் 100 நிரலின் ஒரு பகுதியையும் கேற்சே எழுதினார். கொம்பனிகளின் படைப்பாக 1983இல் வெளியான நிரல் ஒன்று, அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டுகள், அஃதாவது 2078 முடியும்வரை, தனியுரிமைக்கு உட்பட்டது. மொடல் 100 கடைகளை விட்டு நீங்கி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் பிரதி ஒன்றை இன்று ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தால் எந்த உழைப்பாளியின் கூலி குறைகிறது? எவருடையதும் இல்லை. கூலிக்காகப் பிறந்த உரிமை, கூலிக் கணக்கு தீர்ந்த பின்னும் வெறும் தடையாக நீடிக்கிறது. 2078 வரை அந்த நெகிழ்வட்டுகள் காத்திரா. சட்டம் திறக்கும் நாளில், உள்ளே எடுப்பதற்கு ஒன்றும் எஞ்சியிராது. 2025 ஏப்ரலில், ஐம்பதாம் ஆண்டு நினைவாக, அன்று பூசலுக்குக் காரணமாயிருந்த அந்த அல்டெயர் பேசிக்கின் மூல நிரலைக் கேற்ஸ் தாமே எவரும் பார்க்கும்படி வெளியிட்டார். வரவேற்கத்தக்க செயலே. ஆனால், உரிமையாளன் மனமிரங்கும் நாள்வரை ஒரு சமுதாயத்தின் நினைவு காத்திருத்தல் வேண்டுமா என்பதே நம் கேள்வி.

'உலகில் எத்தனையோ பிள்ளைகள் கணினியையே காணாதிருக்கையில், பழம்பெட்டிகளைப் பேணுவது ஒரு கடமையா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கடந்த காலத்தை எண்ணி ஏங்குதல் மட்டுமே இதன் பயனாயின், அது ஓய்வுநேரத்துக்குரிய சுகம் என்பதற்கு மேல் மதிப்புப் பெறாது. ஆனால், ஒரு மாணவன் மொடல் 100ஐத் திறந்தால், கைநூலிலுள்ள சுற்றுப்படத்தையும் கண்முன் உள்ள பலகையையும் ஒப்பிட்டு அது இயங்கும் முறையை முழுவதும் அறிந்துகொள்ளலாம். இன்று நமக்கு விற்கப்படும் கருவிகள் பல, பசையிட்டு மூடப்பட்டு, பற்றறியைக்கூட நாமாக மாற்ற இயலாதவாறு வருகின்றன. கருவி இப்படித்தான் இருக்கும் என்று நம்பப் பழகிய தலைமுறைக்கு, வேறுவிதமாகவும் அது இருந்தது என்று காட்டுவது சிறு தொண்டு அன்று. மூடியது மனிதரின் தீர்மானம் என்பதை அறிந்தவனே திறக்கும்படி கேட்பான்.

ஆகவே, வாங்கியவனுக்கு உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அவ்வுரிமையோடு, திறந்து பார்க்கும் கடமையும், அறிந்ததை எழுதிவைக்கும் கடமையும், கேட்பவனுக்குப் பிரதி கொடுக்கும் கடமையும் சேர்ந்தே வருகின்றன. வாங்கியவன் பொருளுக்கு விலை கொடுத்தான். அதனை உயிர்ப்பித்த பொது அறிவுக்கு அவன் விலை கொடுத்ததில்லை. அந்தக் கடனைத் தீர்ப்பதற்குப் பணம் உதவாது. தான் பெற்றதை அடுத்தவன் கையிற் சேர்ப்பதே வழி.