பிரம்பு சுன்னத்தா?

சீடர்: ஹஜ்ரத், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கும் கிளியனூர் போன்ற ஊர்களில், பிள்ளைகள் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டுக் களைப்போடு மக்தபுக்கு ஓத வருகிறார்கள். பிரம்பைக் காட்டாவிட்டால் பாடம் ஏறாது என்கிறார்கள் பலர். நபிவழி இதற்கு இடம் தருகிறதா?

குரு: நபிகளார் (ஸல்) எப்படிக் கற்பித்தார்கள் என்று பார்த்துவிட்டுப் பதில் தேடுவோம், தம்பி. மதீனாப் பள்ளிவாசலில் ஒருவர் அவசர அவசரமாகத் தொழுதுவிட்டு வந்து ஸலாம் சொன்னார். நபிகளார் பதில் ஸலாம் சொல்லி, திரும்பப் போய்த் தொழச் சொன்னார்கள். மூன்று முறை இப்படியே நடந்தது. இதைவிட நன்றாகத் தொழத் தெரியாது, கற்றுத்தாருங்கள் என்று அவரே கேட்ட பிறகுதான், ருகூவிலும் ஸுஜூதிலும் எப்படி நிதானிப்பது என்று ஒவ்வொன்றாக விளக்கினார்கள். தவறைத் தானே தேட அவகாசம் கொடுத்து, கற்கும் ஆவல் பிறந்தபின் சொல்லிக்கொடுப்பதே அவர்கள் முறை. நபித்தோழர் முஆவியா இப்னுல் ஹகம் அறியாமல் தொழுகைக்குள் பேசியபோது, சுற்றியிருந்தவர்கள் அவரை முறைத்தார்கள். நபிகளாரோ அதட்டவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை என்று அவரே அறிவித்திருக்கிறார்.

சீடர்: பத்து வயதாகியும் தொழாவிட்டால் அடிக்கச் சொல்லும் ஹதீஸும் இருக்கிறதே? கண்டிப்பில்லாமல் மனனம் வருமா?

குரு: அந்த ஹதீஸ் பெற்றோரிடம் பேசுகிறது, ஏழு வயதில் ஏவி, மூன்று ஆண்டு பழக்கிய பிறகு, தொழுகைக்காக மட்டும். அதிலும் காயம் படக்கூடாது, முகத்தில் கூடாது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் வரம்பு கட்டினார்கள். எழுத்துக்கூட்டித் தடுமாறும் சிறுபிள்ளையை உஸ்தாத் அடிக்க அதில் ஆதாரம் இல்லை. மனனத்துக்கும் பொறுமைதான் வழி. குர்ஆனே 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக இறங்கியது. ஸஹாபாக்கள் பத்து ஆயத்துகளைக் கற்று, அவற்றின்படி நடக்கப் பழகிய பின்பே அடுத்த பாடத்துக்குப் போனார்கள். கடுமையில் வளரும் பிள்ளை பயத்தால் பொய்யும் சூதும் பழகும் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் எச்சரித்தார். கேட்டுக் கற்கும் முறை தமிழிலும் உண்டு; 1572இல் மதுரையில் அரங்கேறிய 'ஆயிர மசலா' என்ற நூல் கேள்வியும் பதிலுமாகவே மார்க்கத்தைச் சொல்கிறது.

சீடர்: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் அடிப்பதைத் தடுக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் மதரஸாக்களுக்குப் பொருந்தாது என்கிறது 2012ஆம் ஆண்டுத் திருத்தம்.

குரு: அந்த விலக்கு மார்க்கக் கல்வியைக் காக்கத் தந்தது, பிரம்பைக் காக்க அல்ல. அந்தச் சட்டம் எட்டாத இடத்தில் சுன்னத் நம்மைத் தடுக்க வேண்டும். ஜமாஅத்தாருக்கும் நான் சொல்வது இதுதான்: உஸ்தாதுகளுக்கு நல்ல சம்பளமும் கற்பிக்கும் பயிற்சியும் கொடுங்கள். மக்தபிலிருந்து பிரம்பை அப்புறப்படுத்துங்கள்.