ஒரு பிழையைத் திருத்தியது பற்றி

நெரவியில் என்னோடு படித்தவன், இப்போது ரெயூனியன் தீவில் இருக்கிறான். அங்கே ஒரு கூத்து வாத்தியாரைப் பற்றி எழுதியிருந்தான். 1848இல் அடிமைமுறை ஒழிந்த பின் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் காரைக்கால் துறையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். கூத்தும் கூடப் போயிற்று. நாடகம் அங்கே 'நார்ல்கோன்', வாத்தியார் 'வர்த்தியால்'. இந்த மனிதர் வீட்டில் பேசுவது கிரியோல். விடியவிடிய மதுரைவீரன் கதை பாடுகிறார். பல வரிகளுக்கு அவருக்கு அர்த்தம் தெரியாது.

'இவர் கலைஞரா, கிளிப்பிள்ளையா?' என்று கேட்டு நாலு வரிகளை அனுப்பியிருந்தான். வங்கிக் கவுண்டரில் செலான் சரிபார்க்கிற புத்தி. சிவப்பு மையால் திருத்தி அனுப்பினேன். வாத்தியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம். அன்றிரவு பழையபடியே பாடினாராம். தாத்தா பாடியது அப்படித்தானாம்.

எரிச்சல்தான் வந்தது. பிறகு யோசித்தால், அந்தத் தாத்தாவிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்தது ஒருவேளை அந்தப் பிழைதான். அதை அடிக்க நான் யார்? அர்த்தம் தெரிந்த நான் கடைசியாக விடியவிடியக் கூத்துப் பார்த்தது எப்போது என்று எனக்கே நினைவில்லை. ஆனால் பிழையை மரபு என்று சிலாகிக்கவும் கூசுகிறது. அவர் மொழியை இழந்தது தோட்டத்தில். அதில் அழகு ஒன்றுமில்லை.

இம்முறை வரிகளைத் தொடவில்லை. அர்த்தத்தை மட்டும் தனித்தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.