ஓவியத்தின்முன் காய்தலும் உவத்தலும்

ஓவியம் ஒன்றைக் கண்டவுடன் ‘பிடித்திருக்கிறது’ என்றோ ‘பிடிக்கவில்லை’ என்றோ சொல்லிவிடுவது மனித இயல்பு. அச்சொல் நாவில் பிறக்க ஒரு நொடி போதும். ஓவியத்தைத் தீட்டியவருக்கோ பல நாள் உழைப்பும் பல்லாண்டுப் பயிற்சியும் வேண்டியிருக்கும். இந்த நொடிப்பொழுதுத் தீர்ப்புக்கு எவ்வளவு மதிப்பளிக்கலாம்? அது ஓவியத்தைப் பற்றிய செய்தியா, சொல்பவரின் மனத்தைப் பற்றிய செய்தியா? காண்போருக்கு ஓவியத்தின்பால் கடமை ஏதும் உண்டா? கலை பயிலும் மாணவர்க்கும், அவர்தம் கைவண்ணத்திற்கு மதிப்பெண் இடும் ஆசிரியர்க்கும் இவை தள்ளிவைக்கத்தக்க வினாக்கள் அல்ல.

முன்னோர் கண்ட முறை

ஓவியத்தின்முன் தமிழ் மக்கள் நின்ற காட்சியைச் சங்க இலக்கியமே காட்டுகின்றது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில், திருப்பரங்குன்றம் சென்ற மக்கள் ஆங்குத் தீட்டப்பெற்ற ஓவியங்களைக் காண்கின்றனர். காமனும் இரதியும், அகலிகையும் கௌதமனும், பூனை வடிவெடுத்த இந்திரனும் அவ்வோவியங்களில் இடம்பெறுகின்றனர். அறியாதார் சுட்டிக்காட்டி வினவுகின்றனர், அறிந்தார் விளக்குகின்றனர். நன்று, தீது என்னும் தீர்ப்பு அங்கு முதலில் எழவில்லை, ‘இது யாது?’ என்னும் வினாவே முதலில் எழுகின்றது. கலையை அணுகுவதற்குரிய ஒழுங்கு அதில் அடங்கியிருக்கின்றது எனலாம்.

நாச்சுவையும் கலைச்சுவையும்

டுரியான் பழத்தின் மணம் ஒருவருக்கு இன்பமாகவும் மற்றவருக்குத் தாங்கொணாததாகவும் இருக்கின்றது. இதுபற்றி எவரும் வாதிட்டு வெல்ல முயல்வதில்லை. ஆனால், ஓவியம் ஒன்றை அழகியது என ஒருவர் சொல்லும்போது, பிறரும் அதை ஒப்ப வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லுக்குள் மறைந்திருக்கின்றது. இவ்வேறுபாட்டை ஜெர்மானிய மெய்யியலார் இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட தம் நூலில் தெளிவுபடுத்தினார். பிறர் ஒப்புதலை வேண்டும் சொல்லுக்குக் காரணம் காட்டும் கடமையும் உடன் பிறக்கின்றது. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது தன்னிலை விளக்கம். அதற்குச் சான்று வேண்டுவதில்லை. ‘இது நல்ல ஓவியம் அன்று’ என்பது தீர்ப்பு; சான்றின்றி அதனைக் கூறுதல் அறமாகாது. முன்னதைச் சொல்லவேண்டிய இடத்தில் பின்னதைச் சொல்லிவிடுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை.

இரவிவர்மாவும் ஆனந்த குமாரசுவாமியும்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன் வீடுகளில் ஓவியம் என்றால் அது நாட்காட்டிச் சாமிப்படமே. செந்தாமரையில் நிற்கும் இலக்குமியும் வீணை ஏந்திய கலைமகளும் மயிலுடன் முருகனும் பலகைச் சுவரில் மாட்டப்பெற்று, பூவும் பொட்டும் பெற்று, விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்பட்டோரின் முதல் வணக்கத்தை ஏற்றனர். ஆண்டு முடிந்து நாட்காட்டியின் தாள்கள் கிழிந்துபோன பின்னும் படம் மட்டும் சுவரில் தங்கிவிடும். இப்படங்களின் மரபு கிளிமானூர் இராஜா இரவிவர்மாவிடம் (1848-1906) தொடங்குவது. அவர் 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்த வண்ணப்படங்கள் அரண்மனை ஓவியத்தை ஏழையின் குடிசைக்குக் கொண்டுவந்தன. பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976) போன்றோர் அம்மரபைத் தமிழ்நாட்டில் வளர்த்தனர்.

இத்துணை மக்களால் விரும்பப்பெற்ற இரவிவர்மாவின் கலையைக் கடுமையாக மறுத்தவர் ஒரு தமிழர் மகன். கொழும்பில் 1877இல் பிறந்து, சர் முத்து குமாரசுவாமியின் மைந்தராய், கலை வரலாற்று அறிஞராய் உலகப்புகழ் எய்திய ஆனந்த குமாரசுவாமியே அவர். இரவிவர்மாவின் தெய்வங்கள் நாடக மேடை மாந்தரைப் போல் நிற்கின்றனர், கற்பனை வளமும் இந்திய உணர்வும் அவற்றில் குறைவு என்னும் கருத்தை அவர் 1907இல் எழுதினார். ஐரோப்பிய முறையில் ஒளியும் நிழலும் காட்டி உடலை வரைந்ததால் தெய்வத்தன்மை மறைந்தது என்பது அக்கால மறுப்பாளர் பலரின் எண்ணம்.

இவருள் யார் சொல் மெய்? தோட்டத் தொழிலாளியின் அன்பா, அறிஞரின் மறுப்பா? ஆழ்ந்து நோக்கின் இருவரும் வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசினர் என்பது புலனாகும். அறிஞர் எடைபோட்டது தீட்டிய முறையை. தொழிலாளி வணங்கியது தீட்டப்பெற்ற தெய்வத்தை. படத்தின் முன் கைகூப்பிய தாய் அதன் கோட்டையும் வண்ணத்தையும் ஆராயவில்லை. ஆராயாமையால் அவள் அன்பு தாழ்ந்ததும் இல்லை. அறிஞரின் மறுப்பு காரணம் காட்டியது. ஆகவே அது மதிக்கத்தக்கது. எனினும், கடல் கடந்து வந்த குடும்பத்துக்கு அத்தாள் என்ன பொருள் தந்தது என்பதை ஓவிய இலக்கணம் ஒன்றால் மட்டும் அளந்துவிட முடியாது. காரணம் காட்டும் வெறுப்பும் முழு உண்மையை அடைந்துவிடுவதில்லை.

புரியாமை வெறுப்பன்று

‘பிடிக்கவில்லை’ எனப்படுபவற்றுள் பல உண்மையில் ‘புரியவில்லை’ என்பனவே. சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர் (1911-1977), 1966இல் சென்னைக்கு அருகே கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். அங்கு வாழ்ந்த ஓவியர்கள் பாத்தேக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அவ்வருவாயைக்கொண்டு தம் ஓவியத்தைக் காத்துக்கொண்டனர். 1963 முதல் பணிக்கர் தீட்டிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையில், எழுத்துப்போல் தோன்றியும் படிக்கவியலாத வரிகளும், சாதகக் கட்டம் போன்ற கட்டங்களும், கணக்குக் குறிகளும் நிறைந்திருக்கும். ‘இதில் என்ன எழுதியிருக்கிறது?’ எனக் கேட்பவருக்கு அது ஏமாற்றம் தரும். சாதக ஓலையைப் படிக்கத் தெரியாத ஒருவர், அதிலே தம் மகளின் வாழ்வு அடங்கியிருக்கிறது என்ற நடுக்கத்தோடு அதை நோக்கும் நிலையை நினைந்து பார்ப்பவருக்கோ அவ்வோவியம் பேசத் தொடங்கிவிடும்.

மலேசியாவின் லத்தீஃப் மொஹிதின் 1960களில் தீட்டிய ‘பாகோ-பாகோ’ ஓவியங்களும் அத்தகையன. கோபுரத்தைக் குறிக்கும் ‘பகோடா’, வேலியைக் குறிக்கும் ‘பாகார்’ ஆகிய சொற்களின் சேர்க்கையில் பிறந்த பெயர் அது. மூங்கிற் குருத்தா, கோயிலா, முட்செடியா என வரையறுக்க இயலாத வடிவங்கள் அவற்றில் நிமிர்ந்து நிற்கின்றன. பெர்லினில் கலை பயின்று, தென்கிழக்காசியாவைச் சுற்றிவந்த இளைஞர் ஒருவர் தம் மண்ணின் வடிவத்தைத் தேடியதன் விளைவு அவை என அறிந்தபின் பார்வை மாறுகின்றது. அவ்வாறு அறிந்தபின்னும் ஒருவருக்கு அவை பிடிக்காமல் இருக்கலாம். அப்போதுதான் அது உண்மையான வெறுப்பாகும்.

வெறுப்பூட்டவே பிறந்த ஓவியம்

சில படைப்புகள் இனிக்க மறுக்கின்றன. பினாங்கில் 1941இல் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம், 1973இல் தேசியக் கலைக்கூடத்தின் ‘மனிதனும் அவன் உலகமும்’ போட்டியில் பெரும்பரிசு பெற்ற படைப்பில், டாமான்சாரா பகுதியின் குப்பையையும் அதன் நிழற்படங்களையும் காட்சியாக வைத்தார். அதன்முன் நின்று முகஞ்சுளித்தவர், கலைஞர் விரும்பியதையே செய்தவராவார். அந்தச் சுளிப்பு குப்பையின்மீது எழவேண்டியது. அதனைப் படைத்தவர்மீது எய்துவது, நோயைக் கண்டு சொன்ன மருத்துவரை வைவது போலாகும்.

அவசரத் தீர்ப்பின் விலை

1877இல் இலண்டனில் ஜேம்ஸ் விஸ்லர், இரவு வானில் வாணவெடி சிதறி வீழ்வதைக் கருமையின்மீது பொற்புள்ளிகளாகத் தீட்டிய ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். மக்கள் நகைத்த டர்னரின் ஓவியங்களுக்காக வாதாடிப் புகழ்பெற்ற திறனாய்வாளர் ஜான் ரஸ்கின், இவரைக் கண்டபோது மட்டும் பொறுமையிழந்து, வண்ணத்தை மக்கள்மீது வீசிவிட்டு 200 கினி விலை கேட்பதாக இகழ்ந்தெழுதினார். வழக்கு மூண்டது. இரண்டு நாள் உழைப்புக்கா இவ்விலை என மன்றத்தில் வினவப்பட்டபோது, வாழ்நாளெல்லாம் ஈட்டிய அறிவுக்கே அவ்விலை என விஸ்லர் விடையிறுத்தார். 1878இல் அவர் வென்றார்; எனினும் பெற்ற இழப்பீடு கால் பென்னி நாணயம் ஒன்றே. மறு ஆண்டு அவர் நொடித்துப்போனார். கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் இருளைத் துளைத்து ஒருசேர மின்னுவதைக் கண்ட கோல சிலாங்கூர்ச் சிறுவனுக்கு, ரஸ்கின் காண மறுத்த அவ்வோவியம் உடனே விளங்கிவிடக்கூடும். கற்றவர் காணாததை வாழ்ந்தவர் காண்பதுண்டு.

வகுப்பறையில் அறம்

அரங்குகளில் நிகழும் இப்பிழை வகுப்பறையில் நிகழும்போது கேடு பெரிதாகின்றது. ‘இயற்கைக் காட்சி வரைக’ என்றதும் மாணவர் பலர் இரு முக்கோண மலைகளையும், இடையே எழும் ஞாயிற்றையும், வளைந்தோடும் ஆற்றையும் வரைந்துவிடுவர். கோல சிலாங்கூரோ தாழ்ந்த சமவெளி. மெலாவத்திக் குன்றைத் தவிர உயர்நிலம் அரிது. ஞாயிறு கடலில் மறைவதையே அவ்வூரார் கண்குளிரக் காண்பர். எனினும் இரு மலைப் படத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கின்றது. அதே வகுப்பில் ஒரு மாணவி, தாள் முழுதும் செம்பனை ஓலைகளால் கருமையாக நிரப்பி, அடியில் குலை சுமக்கும் தந்தையை எறும்பளவாக வரைந்தாள் எனக் கொள்வோம். ‘வானம் எங்கே?’ என ஆசிரியர் கடிந்தால், அவள் அடுத்த முறை இரு மலைகளையே வரைவாள். தோட்டத்துக்குள் நிற்பவர்க்கு வானம் தெரிவதில்லை என்னும் அவள் கண்ட உண்மை, ஆசிரியரின் ஒரு வெறுப்புச் சொல்லில் அழிந்துபோகும். விஸ்லர் வழக்குத் தொடுத்தார். குழந்தை வண்ணத் தூரிகையைக் கீழே வைத்துவிடும்.

இதனால் எல்லாவற்றையும் புகழவேண்டும் என்பதன்று. உள்ளத்தில் வெறுத்து உதட்டால் பாராட்டுவது, நாணயமான வெறுப்பினும் தாழ்ந்தது. பெரிய பெயருக்கு அஞ்சித் தலையசைப்பதும் அதன் உடன்பிறப்பே. குணத்தையும் குற்றத்தையும் நாடி, மிகுந்ததைக் கொள்ளுமாறு வள்ளுவர் காட்டிய வழி மாந்தரை ஆராய்வதற்கு மட்டுமன்றி அவர்தம் படைப்புகளை ஆராய்வதற்கும் பொருந்தும். அழகன்குளத்தில் பிறந்து மலேசியாவில் வளர்ந்து, சென்னையில் கலை பயின்ற சையத் தாஜுதீன், இராமாயணத்தில் அனுமன் சீதையைக் காணும் காட்சியை 1972இல் பேரோவியமாகத் தீட்டினார். தம் சமயத்துக்குப் புறத்தே நின்ற காவியத்துள்ளும் அவர் பொறுமையோடு புகுந்து நோக்கினார். படைப்பவருக்கு இயன்ற அப்பொறுமை காண்பவருக்கு இயலாததா?

ஆகவே, ஓவியத்தின்முன் நிற்போர் முதலில் நோக்குக, அடுத்து வினவுக, அதன்பின் தம் விருப்பையோ வெறுப்பையோ காரணத்தோடு கூறுக. ஆசிரியர் தம் மாணவரிடம் ‘இது என்ன?’ என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை காத்திருக்கப் பழகுவாராயின், தோட்டப்புறப் பள்ளியிலிருந்தும் தம் மண்ணைத் தம் கண்ணால் கண்ட ஓவியர் தோன்றுவர் என்பதில் ஐயமில்லை.