ஒரே சாட்சி போதுமா?

நம் ஊரில் வெப்சைட் செய்து தருபவர்களில் யார் நல்லவர் என்று கூகுளைக் கேட்டால் ஒரு பட்டியல் வருகிறது. மேலே விளம்பரம் என்று சிறிய எழுத்தில் குறித்த சில பெயர்கள், அடுத்து ஒரு வரைபடமும் மூன்று நிறுவனங்களும், அதற்குக் கீழே மற்றவர்கள். அந்தத் தொழிலில் ஊரில் எத்தனை பேர் இருந்தாலும் வரைபடத்தை ஒட்டி முதலில் தெரிகிறவர்கள் மூவர்தான். 2015 வரை ஏழு பேருக்கு இருந்த இடம் மூவருக்கு என்று சுருங்கிவிட்டது. கேட்டவர் அந்த மூவரில் ஒருவருக்குப் போன் செய்கிறார். தினமும் நடக்கும் இந்தச் சின்னக் காரியத்துக்குள் தத்துவத்தின் பழைய கேள்வி ஒன்று உட்கார்ந்திருக்கிறது: நேரில் காணாத ஒன்றைப் பிறர் சொல்லக் கேட்டு நம்புகிறோமே, அந்த நம்பிக்கை எப்போது அறிவாகிறது? தேடுபொறி தரும் வரிசை ஒரு சாட்சியம் என்பதும், இன்னொரு சாட்சியைக் கேட்க வழியில்லாத இடத்தில் எந்தச் சாட்சியமும் சான்றாக நிற்காது என்பதும் என் வாதம். தேடுபொறிகளுக்குள் போட்டி வேண்டும் என்பதைப் பொருளாதாரக் கோரிக்கையாகவே பேசிப் பழகிவிட்டோம். எதை உண்மை என்று எடுத்துக்கொள்வது, ஒரு தொழில் செய்பவர் எவ்வளவு நேர்மையாக இருக்க முடியும் என்ற கேள்விகளும் அதோடு பிணைந்தவை.

நம் தத்துவ மரபு இதை ‘அளவை’ என்ற தலைப்பில் துருவித் துருவி ஆராய்ந்திருக்கிறது. நேரில் காணும் காட்சி, ஊகித்தறியும் கருதல், பிறர் சொல்லக் கேட்கும் உரை என்ற மூன்று அறிவு வழிகளையும் வகுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் இறைவனைப் பற்றிப் பேசவே தொடங்குகிறது. நியாய மரபினர் ஒப்பையும் சேர்த்து நான்கு என்பார்கள். பிறர் சொல்வதைத் தனி அளவையாக ஏற்க முடியாது, அதுவும் ஒருவகை ஊகமே என்பது பௌத்த தர்க்கவாதிகளின் நிலை. ஏற்பவர்களும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. நியாய சூத்திரத்துக்கு உரை செய்த வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவருக்கு இரண்டு தகுதி வைக்கிறார். பொருளை அவர் நேரே அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பம் அவரைப் பேச வைத்திருக்க வேண்டும். முனிவரானாலும் மிலேச்சரானாலும் இந்த இலக்கணம் ஒன்றே என்றும் சொல்லிவிடுகிறார். சொல்பவரின் குலமும் பெயரும் கணக்கில் வரவில்லை; அறிவும் நோக்கமும்தான் கணக்கு. இயந்திரத்துக்கு விருப்பம் ஏது என்று கேட்கலாம். இயந்திரத்துக்கு இல்லாவிட்டாலும் அதை நடத்தும் நிறுவனத்துக்கு உண்டு. வரிசையை அமைப்பது அந்த நிறுவனத்தின் முடிவு என்பதால், இரண்டு தகுதிகளையும் அதனிடம் கேட்பது முறைதான்.

முதல் தகுதியில் கூகுள் தொடக்கத்திலேயே தேறியது. 1990களின் தேடுபொறிகள் பெரும்பாலும் ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை நம்பின. ஒரு சொல்லைப் பக்கம் முழுக்க நூறு தடவை எழுதி, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைத்தால் முன்னுக்கு வந்துவிடலாம். கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் கணக்கை மாற்றினார்கள். ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் கொடுக்கும் லிங்க்குகளை எண்ணினார்கள். கொடுப்பவரின் மதிப்பையும் சேர்த்து எடை போட்டார்கள். தற்புகழ்ச்சியைத் தள்ளிவிட்டு ஊர் வாயைக் கேட்பது போன்ற முறை அது. இரண்டாம் தகுதியின் ஆபத்தையும் அவர்களே எழுதி வைத்தார்கள். 1998இல் தங்கள் தேடுபொறியை விளக்கி வெளியிட்ட கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பர வருவாயில் நடக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாய்ந்துவிடும் என்ற கருத்தைச் சொல்லி ஓர் எடுத்துக்காட்டும் தந்தார்கள். செல்போன் என்று தேடினால் அவர்களுடைய பொறி முதலில் காட்டியது, வண்டி ஓட்டும்போது செல்போன் பேசினால் கவனம் எப்படிச் சிதறுகிறது என்று ஆராயும் ஒரு பக்கத்தை. செல்போன் கம்பெனியிடம் விளம்பரப் பணம் வாங்கும் ஒரு தேடுபொறி இதை முதலில் காட்டிவிட்டு அந்தக் கம்பெனிக்கு என்ன பதில் சொல்லும்? இரண்டே ஆண்டில், 2000இல், கூகுளும் விளம்பரம் விற்கத் தொடங்கியது. அவர்கள் கெட்டவர்களாகிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. நோக்கம் கலக்கும் இடம் எது என்று உள்ளே இருந்தவர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அதன் பிறகு அதை வெளியார் சந்தேகம் என்று தள்ள முடியாது.

நோக்கம் கலந்த சாட்சி உடனே பொய் சொல்லிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதைக் கட்டுக்குள் வைப்பது எது என்பதே கேள்வி. கேட்பவர் எழுந்து இன்னொருவரிடம் போய்விடுவார் என்ற அச்சம் நல்ல கட்டு. அந்த அச்சம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க நீதிமன்றத்தில் ஆவணம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, பொதுத் தேடலில் கூகுள் ஏகபோக நிறுவனம் என்றும் அந்த நிலையைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துக்கொண்டது என்றும் தீர்ப்பளித்தார். போன்களிலும் பிரவுசர்களிலும் தன்னையே இயல்புத் தேடலாக வைத்துக்கொள்ள 2021ஆம் ஆண்டில் மட்டும் அது கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். தேடலின் தரத்தைக் கணிசமாகக் குறைத்தால் வருமானம் குறையுமா என்று 2020இல் கூகுள் உள்ளுக்குள் ஆராய்ந்ததையும், குறையாது என்று விடை வந்ததையும் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. சாட்சியத்தின் தரம் விழுந்தாலும் கேட்பவர் விலகப்போவதில்லை என்று சாட்சிக்கே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் தரம் விழாமல் இருந்தால் அது அந்தச் சாட்சியின் நல்ல குணம். நமக்கு அதில் உத்தரவாதம் ஏதும் இல்லை.

சாட்சியே சந்தையில் கடையும் வைத்திருந்தால் சிக்கல் கூடுகிறது. சென்னையிலிருந்து பாரத் மேட்ரிமோனியை நடத்தும் நிறுவனமும் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் 2012இல் கொண்டுவந்த புகார்களை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து, 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரச் சொற்களை விற்பது பற்றிய குற்றச்சாட்டை ஆணையம் ஏற்கவில்லை. இரண்டு உறுப்பினர்கள் மாறுபட்டும் எழுதினார்கள். ஆனால் விமானப் பயணம் தேடுபவருக்குத் தன் சொந்த விமானத் தேடல் கட்டத்தைக் கூகுள் எடுப்பான இடத்தில் வைத்தது நியாயமில்லை என்று பெரும்பான்மை முடிவு செய்தது. பொருள் விலை ஒப்பிடும் சேவையில் இதே போன்ற சாய்வுக்காக ஐரோப்பிய ஆணையம் 2017இல் விதித்த 242 கோடி யூரோ அபராதத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் 2024இல் உறுதி செய்தது. திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரம் தராசைப் பேசிவிட்டு வணிகரில் வந்து முடிவதை இங்கே நினைக்கலாம். பிறர் பொருளையும் தன் பொருளைப் போலப் பேண வேண்டும் என்று அங்கே வணிகரிடம் கேட்கப்படுகிறது. பிறர் கடையையும் தன் கடையையும் ஒரே தராசில் நிறுக்கும் வேலையை ஏற்றவரிடம் அதைக் கேட்காமல் யாரிடம் கேட்பது?

ஒரே சாட்சியை நம்பும் இந்த ஏற்பாட்டின் பாரம் கடைசியில் இறங்குவது ஊர்களில் இருக்கும் வெப் டிசைனர் மீது. ஒரு மருந்துக்கடைக்கோ திருமண மண்டபத்துக்கோ தளம் செய்து தரும்போது அவர் இரண்டு பேருக்கு வேலை செய்கிறார்: அதைப் படிக்கப்போகும் மனிதருக்கும், அதை வரிசைப்படுத்தப்போகும் பொறிக்கும். இருவருக்கும் உதவும் வேலை உண்டு. விலைப்பட்டியலைப் படமாக ஒட்டாமல் தமிழ் எழுத்தாகவே தட்டி வைத்தால் தேடுபொறிக்கும் புரியும். திரை வாசிக்கும் மென்பொருள் வைத்திருக்கும் பார்வையற்றவருக்கும் கேட்கும். முகவரி, போன் எண், கடை திறக்கும் நேரம், போனில் சட்டென்று திறக்கும் வேகம் எல்லாம் இந்த வகை. இன்னொரு வகை வேலையும் உண்டு. கோயம்புத்தூர் என்று ஒரு பக்கம் எழுதி, அதே பக்கத்தை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றித் திருப்பூர், ஈரோடு, சேலம் என்று வரிசையாகப் போடுவது. திருப்பூர்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அங்கே அலுவலகமும் இருக்காது, அங்கே செய்த வேலையும் இருக்காது. நடுவில் ஒரு வரியில் மாற்ற மறந்த கோயம்புத்தூர் மட்டும் எட்டிப் பார்க்கும். இதை வாசல் பக்கம் என்று வகைப்படுத்திக் கூகுளே தன் விதிகளில் தடுத்திருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: தேடுபொறி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் இந்த வேலை வருகிறவருக்குப் பயன்படுமா? ஆம் என்றால் அது சாட்சி சரியாகப் பார்க்க விளக்கேற்றிக் கொடுப்பது. இல்லை என்றால் சாட்சியைக் கலைப்பது.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு நியாயமானது: கூகுள் நன்றாக இருப்பதால்தான் மக்கள் அதைத் தேடிப் போகிறார்கள், வேண்டாதவர் பிங்குக்கோ டக்டக்கோவுக்கோ போக என்ன தடை? கூகுளின் தேடல்தான் துறையில் தரத்தில் முன்னிற்பது என்று நீதிபதி மேத்தாவின் தீர்ப்பும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில் நடக்கும் தேடல்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு பிங்குக்குப் போகிறது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அங்கே பிங்தான் முன்கூட்டியே வைக்கப்பட்டிருப்பது. ஆக, தேர்ந்தெடுக்கிறோம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, யாரோ நமக்கு முன்பே வைத்துவிட்டதை மாற்றாமல் விடுவதுதான். இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது: பல தேடுபொறிகள் இருந்த 1990களில்தானே ஏமாற்று மலிந்திருந்தது? காசுக்கு இடம் விற்கும் முறையை 1998இல் கொண்டுவந்த கோடூ என்ற தேடுபொறி, போட்டிக் காலத்தின் பிள்ளைதானே? உண்மை. போட்டி யாரையும் யோக்கியர் ஆக்கிவிடாது. எனினும் கோடூ ஒவ்வொரு முடிவுக்கும் விளம்பரதாரர் கொடுக்கும் தொகையைப் பக்கத்திலேயே காட்டியது. பிடிக்காதவர் விலகிப் போனார். அன்றைய தேடுபொறி ஆல்டாவிஸ்டாவின் குறை கண்டவர்கள் புதிதாக வந்த கூகுளுக்கு மாற முடிந்ததால்தான் கூகுளே வளர்ந்தது. பல சாட்சிகள் இருந்தால் பொய் வராது என்று நான் சொல்லவில்லை. வந்த பொய் வெளிப்பட வழி இருக்கும் என்பதே என் வாதம்.

மூன்றாம் மறுப்பு அறநூல் வழியில் வருகிறது. நேர்மை ஒருவன் நெஞ்சில் இருக்க வேண்டியது. சந்தையில் ஒரு தேடுபொறி இருந்தால் என்ன, பத்து இருந்தால் என்ன, யோக்கியமான டிசைனர் யோக்கியமாகத்தான் இருப்பார். தனிமனிதக் கடமை என்ற அளவில் இதை மறுக்க முடியாது. ஆனால் அவர் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். முதல் இடம் வாங்கித் தருவதாக யாரும் உறுதி கூற முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அதை அப்படியே வாடிக்கையாளரிடம் சொல்லும் டிசைனர், ‘மூணே மாசத்துல ஃபர்ஸ்ட் பேஜ்’ என்று சொல்பவரிடம் வேலையை இழக்கிறார். 2003 நவம்பரில் கூகுள் தன் கணக்கை மாற்றியபோது, அமெரிக்காவின் சிறு இணையக் கடைகள் பல கிறிஸ்துமஸ் வியாபாரம் கூடிவரும் நேரத்தில் வரிசையிலிருந்து மறைந்தன. அவற்றில் ஏமாற்றாதவர்களும் இருந்தார்கள். ஒரே வாசல் வழியே பிழைப்பு நடக்கும்போது அந்த வாசலின் ஒரு மாற்றம் நல்லவரையும் கெட்டவரையும் சேர்த்தே அடிக்கிறது. அந்த நிலையிலும் நேர்மையாக நிற்பவரை வணங்கலாம். ஆனால் நேர்மையாக இருக்க ஒருவர் துறவிக்குரிய மன உறுதி கொண்டிருக்க வேண்டும் என்றால், கோளாறு அவரிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. சாதாரண மனிதர் சாதாரண முயற்சியில் யோக்கியமாக இருக்க முடிவதே நல்ல ஏற்பாடு.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, போட்டி தானாக வந்துவிட்டதே என்று இப்போது சொல்கிறார்கள். கேட்பவருக்குப் புதிய இடங்கள் கிடைத்திருப்பது உண்மைதான். ஆனால் பட்டியல் தந்த பழைய பொறியில் இரண்டாவதும் பத்தாவதும் கண்ணுக்குத் தெரிந்தன. ஒரே பத்தியில் தீர்ப்புச் சொல்லும் புதிய பொறியில் தள்ளப்பட்டவர்கள் யார் என்றே பல நேரம் தெரிவதில்லை. ஆகவே சாட்சிகளின் எண்ணிக்கை கூடினால் போதாது. எதை வைத்துச் சொல்கிறாய் என்று அவர்களைத் திருப்பிக் கேட்கவும் முடிய வேண்டும். மணிமேகலை இதில் நல்ல முன்மாதிரி. வஞ்சி நகரில் அவள் அளவைவாதி முதல் பூதவாதி வரை ஒவ்வொரு சமயத்தாரையும் கேட்ட பிறகே காஞ்சியில் பௌத்த ஆசான் அறவண அடிகளிடம் வந்து சேருகிறாள். பலரைக் கேட்டது அவளைக் குழப்பவில்லை. ஏற்றதை ஆராய்ந்து ஏற்கும் உரிமையைத் தந்தது.

2025 செப்டம்பரில் அதே வழக்கில் அமெரிக்க நீதிமன்றம், கூகுளின் குரோம் பிரவுசரை விற்கச் சொல்லாமல், பிறரை வெளியே நிறுத்தும் ஒப்பந்தங்களைத் தடுத்து, தேடல் தரவுகளில் சிலவற்றைப் போட்டியாளருக்குத் தரச் சொன்னது. அது போதுமா என்பதில் சட்டம் தெரிந்தவர்கள் வேறுபடலாம்; திசை சரியானது. அரசும் நீதிமன்றமும் செய்ய வேண்டியது அது. டிசைனர் செய்ய வேண்டியது, விளக்கேற்றும் வேலைக்கு மட்டும் கூலி வாங்குவது. தளம் செய்ய ஆள் தேடுபவருக்கும் ஒரு பங்கு உண்டு, அதற்குச் செலவும் அதிகமில்லை. பட்டியலில் வந்த பெயரை இன்னொரு தேடுபொறியிலும் போட்டுப் பார்க்கலாம். அவர் முன்பு செய்த தளங்களைத் தன் போனிலேயே திறந்து பார்க்கலாம். அந்தக் கடைக்காரர்களில் இருவரிடம், பணம் வாங்கிய பிறகும் போனை எடுக்கிறாரா என்று விசாரிக்கலாம். தேடுபொறி சொன்னது உரை. திறந்து பார்ப்பது காட்சி. விசாரித்ததை வைத்து முடிவுக்கு வருவது கருதல். மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைவிட்டவர், ஏமாந்த பிறகு பொறியை மட்டும் குறை சொல்ல முடியாது.